விசையழுத்தமும் எழுத்தும்: கைப்பேசிச் செயலிகளில் தமிழ் உள்ளீட்டின் வரலாறு – ‘குத்தாலம்’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசிச் செயலிகளை எழுதும் நிரலாளர் நீண்ட காலமாக ஓர் எடுகோளின் மேல் நின்று பணியாற்றினர். விசை ஒன்றை அழுத்தினால் எழுத்து ஒன்று பிறக்கும் என்பதே அது. இலத்தீன் எழுத்துமுறைக்குப் பெரும்பாலும் பொருந்திய இவ்வெடுகோள் தமிழுக்கு எக்காலத்திலும் பொருந்தவில்லை. தட்டச்சுப்பொறி, தமிழ்99 விசைப்பலகை, ஜாவா கைப்பேசி, தொடுதிரை ஆகிய நான்கு கட்டங்களிலும் விசையழுத்தம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைக் காவிரிப் படுகையிலுள்ள குத்தாலம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றுச் சொல்லாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விசை நிகழ்வு படிப்படியாக மறைந்து, உரை நிகழ்வு அதன் இடத்தைப் பெற்றுள்ளது என்பதும், அம்மாற்றத்தை உணராத செயலிகளில் ஊர்ப்பெயர்களின் எழுத்து வேறுபாடு சிதைகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: விசையழுத்தம், தமிழ்99, மெய்ம்மயக்கம், ஒருங்குறி, செல்லினம், உள்ளீட்டு முறை, குத்தாலம், ஊர்ப்பெயர்.

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுவரை பெரும்பாலும் எழுத்துருவின் வரலாறாகவும் குறியேற்றத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. திரையில் எழுத்து எவ்வாறு தோன்றியது, நினைவகத்தில் எவ்வாறு பதிந்தது என்னும் வினாக்களுக்கு விரிவான விடைகள் உள்ளன. இவ்விரண்டிற்கும் முற்பட்ட கணம் ஒன்று உண்டு. பயனரின் விரல் விசையைத் தொடுகிறது. அத்தொடுகையைக் கருவி ஒரு ‘நிகழ்வு’ எனச் செயலிக்கு அறிவிக்கிறது. செயலி அதற்கு ஒரு பொருள் கற்பிக்கிறது. எழுத்து என்பது என்ன என்னும் இலக்கண வினாவுக்கு நிரலாளர் அக்கணத்தில் விடையளித்தாக வேண்டும். அவர் தந்த விடைகளின் வரிசையே இக்கட்டுரையின் பொருளாகும்.

சான்றுச் சொல்லாகக் குத்தாலம் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் காவிரியின் தென்கரையில் அமைந்த இவ்வூர், தேவாரத்தில் திருத்துருத்தி எனப் பெயர்பெற்ற தலமாகும். துருத்தி என்பது ஆற்றிடைக்குறையைக் குறிக்கும். இக்காலப் பெயர் உத்தால மரத்தின் தொடர்பால் அமைந்ததெனக் கூறுவர். இப்பெயர் தமிழெழுத்தில் ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது. இலத்தீன் எழுத்திலோ தென்காசி மாவட்டத்துக் குற்றாலத்தோடு மயங்குகிறது. இவ்வூரார் தம் ஊர்ப்பெயரைக் கைப்பேசியில் எவ்வாறு எழுதுகின்றனர் என்பதைப் பொறுத்தே அப்பெயர் அடையாளம் பெறுகிறது.

1. ஒரு சொல், பல எண்ணிக்கை

இலக்கண நோக்கில் குத்தாலம் என்பது கு, த், தா, ல, ம் என ஐந்தெழுத்துச் சொல். பள்ளி மாணவரும் தயங்காது இவ்விடையைக் கூறுவர். கணினியில் இவ்வெண்ணிக்கை நிலைப்பதில்லை. ஒருங்குறியில் இச்சொல் க, உகரக் குறி, த, புள்ளி, த, ஆகாரக் குறி, ல, ம, புள்ளி என ஒன்பது குறியெண்களாகப் பதிகிறது. உள்ளீட்டு முறைகளில் விசையழுத்தங்களின் எண்ணிக்கை பின்வருமாறு அமைகிறது.

தட்டச்சுப்பொறி முறை: 8 அழுத்தங்கள் (கு என்னும் வடிவத்திற்கு மேல்தட்டு விசையும் உடன் தேவை)
இன்ஸ்கிரிப்ட் முறை: 9 அழுத்தங்கள்
தமிழ்99 முறை: 8 அழுத்தங்கள்
இலத்தீன் வழி ஒலிபெயர்ப்பு முறை: 11 அழுத்தங்கள்
பன்னிரு விசைக் கைப்பேசியில் இலத்தீன் வழி: 17 அழுத்தங்கள், இரண்டு இடைநிறுத்தங்கள்

ஐந்து, எட்டு, ஒன்பது, பதினொன்று, பதினேழு என விரியும் இவ்வெண்கள் வெறும் வேக ஒப்பீடு அல்ல. ஒவ்வொரு முறையும் எதனைத் தன் அடிப்படை அலகாகக் கொண்டது என்பதை இவை காட்டுகின்றன. தட்டச்சுப்பொறி வடிவத்தை அலகாகக் கொண்டது. இன்ஸ்கிரிப்ட் குறியெண்ணைக் கொண்டது. தமிழ்99 உயிரையும் மெய்யையும் கொண்டது. ஒலிபெயர்ப்பு இலத்தீன் எழுத்தைக் கொண்டது. பன்னிரு விசைக் கைப்பேசி காலத்தையும் ஓர் அலகாக்கியது.

2. தட்டச்சுப்பொறி: நகரா விசையின் நினைவு

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா (1886–1960) தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது எதிர்கொண்ட முதன்மையான இடர், 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்குவதாகும். எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து, தாளை நகர்த்தாது பதியும் ‘நகரா விசை’யை அமைத்து அவர் இதற்குத் தீர்வு கண்டார். விசிறி, புள்ளி முதலிய குறிகள் முதலில் அழுத்தப்படும். தாள் நகராது நிற்கும். அடுத்து அழுத்தப்படும் எழுத்து அதே இடத்தில் பதிந்து முழுமை பெறும்.

நிகழ்வுக் கையாளுகையின் நோக்கில் இஃது இரு வகையில் முக்கியமானது. முதலாவதாக, ஓர் அழுத்தம் தனித்து எழுத்தாகாமல், அடுத்த அழுத்தத்துக்காகக் காத்திருக்கும் நிலை தமிழ்ப் பொறியில் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. தாள் நகராது நிற்றலே அப்பொறியின் நினைவு. இரண்டாவதாக, அழுத்தத்தின் வரிசை ஒலியின் வரிசையைப் பின்பற்றவில்லை. ‘கொ’ என்பதை எழுத ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று விசைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அழுத்தப்பட்டன. வாயில் முதலில் பிறக்கும் மெய், தாளில் இரண்டாவதாகவே பதிந்தது.

இவ்வரிசை பழக்கமாக வேரூன்றியது. தட்டச்சு பயின்ற தலைமுறை கணினிக்கு மாறியபோது அதே வரிசையை எதிர்பார்த்தது. ஒருங்குறியோ மெய்யை முன்னும் குறியைப் பின்னுமாகச் சேமிக்கிறது. ஆகவே, தட்டச்சு முறையை ஏற்கும் இன்றைய மென்பொருள் கொம்பை அழுத்தியவுடன் அதனை உரையில் சேர்க்காமல் நிறுத்திவைத்து, மெய் வந்தபின் இடம் மாற்றிச் சேர்க்க வேண்டியுள்ளது. இரும்பில் அமைந்த நகரா விசை, நிரலில் ஒரு மாறியாக மீண்டும் பிறந்துள்ளது எனலாம்.

3. தமிழ்99: விசைப்பலகைக்குள் மெய்ம்மயக்கம்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம்99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றது. உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறத்திலுமாக அமைந்த இப்பலகையில் பயனர் உயிரையும் அகரமேறிய மெய்யையும் மட்டுமே அழுத்துகிறார். உயிர்மெய்யை உருவாக்கும் பொறுப்பு நிரலைச் சேர்கிறது. க விசையை அடுத்து உ விசை அழுத்தப்பட்டால் கு பிறக்கிறது. உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் தொல்காப்பியக் கொள்கை இங்கு நிரலின் விதியாகியுள்ளது.

இதனினும் நுட்பமானது, புள்ளியைத் தானே இடும் விதி. குத்தாலம் என்பதில் த விசை அடுத்தடுத்து இருமுறை அழுத்தப்படும்போது முதல் தகரம் தானாகவே புள்ளி பெறுகிறது. தமிழில் க, ச, த, ப ஆகியவை தம்மொடு தாமே மயங்கும். பிற மெய்களோடு மயங்கா. இவ்வுடனிலை மெய்ம்மயக்க விதியே தமிழ்99 விதியின் அடித்தளம். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இணைகளிலும் முதல் மெய் தானாகப் புள்ளி பெறுவது வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தின் பயன்பாடாகும். நூன்மரபின் ஒரு பகுதி விசைநிகழ்வின் விதியாக மாறிய இடம் இது.

விதிக்குப் புறனடையும் உண்டு. ‘மமதை’ என்னும் சொல்லில் இரு மகரங்கள் தொடர்ந்து வரினும் முன்னது புள்ளி பெறாது. அங்கே அ விசையை இடையில் அழுத்திப் பயனர் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். குத்தாலம் என்பதன் இறுதி மகரத்தின் புள்ளியையும் பொறி ஊகிப்பதில்லை. ஆய்த விசையைக் கொண்டு அதனை இடவேண்டும். ஆகவே க, உ, த, த, ஆ, ல, ம, ஃ என எட்டு அழுத்தங்கள் ஆகின்றன.

நிரலாளர் இதிலிருந்து பெற்ற படிப்பினை தெளிவானது. ஓர் அழுத்தத்தின் பொருள் அவ்வழுத்தத்தில் மட்டும் இல்லை; முந்தைய அழுத்தத்தையும் சார்ந்துள்ளது. இரண்டாவது த அழுத்தப்படும்போது, ஏற்கெனவே திரையில் உள்ள த மாற வேண்டும். எனவே, கையாளி புதிய எழுத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது. பழைய எழுத்தைத் திருத்தும் உரிமையும் அதற்கு வேண்டும். கணினியில் இவ்வுரிமை எளிதில் கிடைத்தது. கைப்பேசியில் அதனைப் பெற நெடுங்காலமாயிற்று.

4. பன்னிரு விசைகள்: ஜாவா கைப்பேசிக் காலம்

தொலைபேசியின் எண்விசைகளில் 2 முதல் 9 வரை இலத்தீன் எழுத்துகளைப் பகிர்ந்தளிக்கும் முறை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தால் தரப்படுத்தப்பட்டது. இந்திய எழுத்துகளுக்கு இத்தகைய பொதுப்பகிர்வு அக்காலத்தில் வேரூன்றவில்லை. 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை கைப்பேசிகளை உருவாக்கியது. தமிழ்நாட்டிலேயே கைப்பேசி பிறந்த அக்காலத்திலும் தமிழெழுத்து எவ்விசையில் அமரவேண்டும் என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒருமை இருக்கவில்லை.

அக்காலக் கைப்பேசிகளில் பிறர் எழுதிய செயலிகளுக்கு இடமளித்தது ஜாவாவின் சிறுகருவிப் பதிப்பாகும். அதன் ‘எம்ஐடிபி’ வரையறை 2000இலும் இரண்டாம் பதிப்பு 2002இலும் வெளிவந்தன. இவ்வரையறை நிரலாளருக்கு இரு வழிகளைத் தந்தது. முதல் வழியில், ஆயத்தமான உரைப்பெட்டி ஒன்றைச் செயலியில் வைக்கலாம். அதில் உள்ளீட்டைக் கருவியே கவனித்துக்கொள்ளும். விசை நிகழ்வுகள் செயலியை வந்தடையா. கருவிக்குத் தமிழ் தெரியாவிடில் அவ்வழி அடைபட்டுவிடும். இரண்டாம் வழி ‘கான்வாஸ்’ என்னும் வெற்றுத்திரை. இங்கே ஒவ்வொரு விசையழுத்தமும் ‘கீபிரெஸ்டு’ என்னும் செயற்கூறு வழியாகவும், விசையை விடுதல் ‘கீரிலீஸ்டு’ வழியாகவும், நீண்ட அழுத்தம் ‘கீரிப்பீட்டடு’ வழியாகவும் செயலிக்கு அறிவிக்கப்பட்டன. நிகழ்வு கிடைத்தது, ஆனால் எழுத்துப்பெட்டி, சுட்டி, வரிமடிப்பு, அழித்தல் ஆகிய அனைத்தையும் நிரலாளரே உருவாக்க வேண்டியிருந்தது. செயலி தனக்கென எழுத்துருவை ஏற்றும் வசதியும் அவ்வரையறையில் இல்லை. எனவே, தமிழ் எழுத்துகளைச் சிறுபடங்களாக வைத்துத் திரையில் அடுக்குவதே நடைமுறை வழியாயிற்று.

கான்வாஸ் வழியில் வந்த நிகழ்வு ஓர் எண் மட்டுமே. 0 முதல் 9 வரையிலான விசைகளுக்கு 48 முதல் 57 வரையும், உடுக்குறிக்கு 42உம், சதுரக்குறிக்கு 35உம் எல்லாக் கருவிகளிலும் ஒன்றே. இவற்றுக்கு அப்பாற்பட்ட மென்விசைகளும் அழிப்பு விசையும் உற்பத்தியாளருக்கு ஏற்ப வேறுபட்ட எதிர்ம எண்களைத் தந்தன. ஒரு நிறுவனத்தின் கைப்பேசியில் சரியாக அழித்த செயலி மற்றொன்றில் அழிக்க மறுத்தமைக்கு இதுவே காரணம். திசைவிசைகளுக்கு மட்டும் ‘விளையாட்டுச் செயல்’ என்னும் பொதுப்பெயர்ப்பு வரையறையிலேயே அமைந்திருந்தது. விளையாட்டுக்குக் கிடைத்த பொதுமை எழுத்துக்குக் கிடைக்கவில்லை.

பன்முறை அழுத்தத்தில் காலமும் ஓர் உள்ளீடாயிற்று. குத்தாலம் என்பதை இலத்தீன் வழியே பன்னிரு விசைகளில் எழுதும்போது, u என்பதற்கு உரிய 8ஆம் விசையிலேயே அடுத்து வரும் t உம் உள்ளது என்பது போன்ற மோதல்கள் எழுகின்றன. உகர ஒலியை எழுதியபின் தகரத் தொடக்கத்துக்கு அதே 8ஐ மீண்டும் அழுத்த வேண்டும். நெடிலுக்காக 2ஐ இருமுறை தனித்தனியே அழுத்த வேண்டும். இவ்விரு இடங்களிலும் பயனர் சிறிது பொறுத்திருக்காவிடில் கருவி வேறெழுத்தாகக் கொண்டுவிடும். ஆகவே கையாளி, எந்த விசை என்பதோடு முந்தைய அழுத்தம் எப்போது நிகழ்ந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். குறித்த நேரம் கடந்ததும், விசை எதுவும் அழுத்தப்படாத நிலையிலும், எழுத்தை உறுதிசெய்ய வேண்டும். அழுத்தம் இன்மையும் ஒரு நிகழ்வான கட்டம் இது.

இத்தடைகளுக்கிடையே தமிழுக்குக் கிடைத்த குறிப்பிடத்தக்க தீர்வு செல்லினம் ஆகும். 1985 முதல் முரசு மென்பொருளை உருவாக்கி வந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் இதனை உருவாக்கினார். 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம், கைப்பேசியில் தமிழில் எழுதிக் குறுஞ்செய்தியாக அனுப்ப வழிவகுத்தது. கருவி தராத ஒன்றைச் செயலி தரவியலும் என்பதை அது மெய்ப்பித்தது. பின்னர் ஐபோனுக்கும் ஆன்ட்ராய்டுக்கும் விரிந்த செல்லினம், தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களையும் வழங்குகிறது.

5. குறுஞ்செய்தியின் கணக்கு

விசையழுத்தத்தின் விலையைப் பயனர் நேரடியாக உணர்ந்த இடம் குறுஞ்செய்தி. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 எண்ம அலகுகள். ஏழு துகள் குறியேற்றத்தில் அதனுள் 160 இலத்தீன் எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு 16 துகள் குறியேற்றம் வேண்டியிருப்பதால் 70 குறியெண்களே அடங்கும். குத்தாலம் என்னும் ஒரு சொல் அவற்றுள் ஒன்பதைக் கொள்கிறது. ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஒன்பது இடம் என்பது தமிழுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வரி போல் அமைந்தது. அதே பெயரை இலத்தீனில் எழுதினால் 160இல் எட்டு இடமே செலவாகும். காவிரிப் படுகை உட்படத் தமிழகமெங்கும் தமிழ்ச் செய்திகள் இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டமைக்கு விசைப்பலகை இன்மையோடு இக்கணக்கும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

எழுத்துக்கு ஓர் இடம் என்னும் கோரிக்கையின் வடிவமே ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றம். 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி ஆதரவு இல்லாத இடங்களுக்கு டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. அதில் குத்தாலம் ஐந்து இடங்களையே கொள்ளும். எனினும் கைப்பேசி உலகம் ஒருங்குறியிலேயே நிலைபெற்றது. எழுத்து என்னும் அலகைக் குறியேற்றத்தில் தேடாது, நிரலின் அறிவில் தேட வேண்டிய தேவை இதனால் உறுதியாயிற்று.

6. தொடுதிரை: விசை நிகழ்வின் மறைவு

2007இல் ஐபோனும் 2008இல் முதல் ஆன்ட்ராய்டு கைப்பேசியும் வெளிவந்தன. ஆன்ட்ராய்டின் முதற்கருவியில் மெய்யான விசைகள் இருந்தன. 2009இல் வெளிவந்த 1.5 பதிப்பு திரை விசைப்பலகையையும், அதனைப் பிறர் உருவாக்கிச் சேர்க்கும் உள்ளீட்டு முறைச் சட்டகத்தையும் கொணர்ந்தது. இதன் விளைவாக விசைப்பலகை, கருவியின் உறுப்பு என்னும் நிலையிலிருந்து தனிச்செயலி என்னும் நிலைக்கு மாறிற்று. எழுதப்படும் செயலியும் எழுதும் செயலியும் வேறுவேறாயின.

இம்மாற்றத்தின் உட்பொருளைப் பல நிரலாளர் உடனே உணரவில்லை. மெய்விசைக்கு உரிய ‘ஆன்கீடவுன்’ என்னும் செயற்கூற்றைத் திரை விசைப்பலகைக்கும் உரியதாகக் கருதினர். திரை விசைப்பலகை விசை நிகழ்வை அனுப்பும் என்பதற்கு உறுதியில்லை என்பதை ஆன்ட்ராய்டின் ஆவணமே கூறுகிறது. 2012இல் வந்த 4.1 பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு இயல்பு விசைப்பலகை விசை நிகழ்வுகளை அனுப்புவதில்லை. அதற்கு மாறாக, உருவாகிக்கொண்டிருக்கும் உரையையும் உறுதியான உரையையும் அது தனித்தனியே ஒப்படைக்கிறது. சுட்டிக்கு முன்னுள்ள உரையை நீக்கும்படியும் கேட்கிறது.

தமிழின் நோக்கில் இஃது ஒரு விடுதலை. த்த என்பதை உருவாக்க முந்தைய தகரத்தைத் திருத்தும் உரிமை, தமிழ்99 எதிர்பார்த்த அதே உரிமை, இங்கே சட்டகத்தின் இயல்பாகவே அமைந்தது. உருவாகும் உரை என்னும் கருத்து சீன, சப்பானிய, கொரிய மொழிகளின் தேவையிலிருந்து வளர்ந்தது. அம்மொழிகளுக்குத் திறந்த கதவு தமிழுக்கும் பயன்பட்டது.

இணையப் பக்கங்களிலும் இதே திசையில் மாற்றம் நிகழ்ந்தது. உள்ளீட்டு முறை இடையில் நிற்கும்போது உலாவி ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 229 என்னும் ஒரே எண்ணைத் தருகிறது. அழுத்தப்பட்டது கவா தவா என்பது அதனால் தெரியாது. ‘கீபிரெஸ்’ என்னும் பழைய நிகழ்வையே பயன்படுத்த வேண்டாவென இணையத் தரங்கள் இப்போது அறிவுறுத்துகின்றன. விசையழுத்தத்தின் பெயரைத் தாங்கிய நிகழ்வே வழக்கிழந்தமை இவ்வரலாற்றின் ஒரு திருப்பமாகும்.

7. அழித்தலும் எல்லையிடலும்

உரையை ஒப்படைக்கும் முறை எல்லாச் சிக்கல்களையும் தீர்க்கவில்லை. குறிப்பாக இரு செயல்களில் பழைய எடுகோள் இன்றும் நீடிக்கிறது.

முதலாவது அழித்தல். தா என்னும் எழுத்தின் பின் அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ஆகாரக் குறி மட்டும் நீங்கித் த எஞ்ச வேண்டுமா, எழுத்து முழுவதும் நீங்க வேண்டுமா? இரு வகையான மென்பொருள்களும் வழக்கில் உள்ளன. ஒருங்குறியின் உரைப்பிரிப்பு விதிகள் பயனர் உணரும் எழுத்தை ஒரு தொகுதியாக வரையறுக்கின்றன. அவ்விதிப்படி எண்ணினால் குத்தாலம் ஐந்து தொகுதிகளாகவே அமைகிறது. இலக்கணத்தின் எண்ணிக்கையும் அதுவே. ஆயின் க்ஷ என்பது க், ஷ என இரண்டாகிறது. பெரும்பான்மைச் சொற்களில் இலக்கணத்தோடு பொருந்தும் ஓர் அளவுகோல் நிரலாளர் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது எல்லையிடல். படிவம் ஒன்றில் ஊர்ப்பெயருக்கு எட்டு இடங்கள் எனச் செயலி வரையறுக்கிறது எனக் கொள்வோம். ஐந்தெழுத்துப் பெயருக்கு அது தாராளமாகத் தோன்றும். குறியெண்களை எண்ணும் செயலி ஒன்பதாவதான இறுதிப் புள்ளியை வெட்டிவிடும். குத்தாலம் ‘குத்தாலம’ என நிற்கும். இது தட்டுப்பிழை அன்று. எண்ணும் அலகின் பிழை. இதனையொத்த மற்றொரு சிக்கல் நெற்களஞ்சியமான இப்பகுதியில் அன்றாடம் வழங்கும் ‘கொள்முதல்’ என்னும் சொல்லில் உள்ளது. கொ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும், எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு முன் அவற்றை ஒருமைப்படுத்தாத செயலி, ஒருவகையில் எழுதியதை மறுவகையில் தேடும்போது இல்லையென்றே கூறும்.

8. குத்தாலமும் குற்றாலமும்

இதுவரை கண்ட சிக்கல்கள் ஒன்றுசேரும் இடம் ஊர்ப்பெயர். குத்தாலம் 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. குற்றாலம் 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் உள்ளது. எழுத்தில் இவற்றைப் பிரிப்பது த்த, ற்ற என்னும் மெய்ம்மயக்க வேறுபாடு மட்டுமே. பேச்சுத்தமிழில் காற்று காத்தாவதுபோல் ற்ற என்பது த்த ஆகும் வழக்கு பரவலாக உள்ளமையால், குற்றாலமும் பலர் வாயில் குத்தாலமே. ஆகவே இவ்விரு ஊர்களின் வேறுபாட்டைக் காப்பது எழுத்து; அவ்வெழுத்தைக் காப்பது உள்ளீட்டு முறை.

இலத்தீன் வழியில் எழுதும்போது இக்காப்பு தளர்கிறது. இவ்வூரின் ஆங்கில வடிவங்களாகக் ‘குட்டலம்’ என்றும் ‘குதலம்’ என்றும் படிக்கத்தக்க இரு எழுத்துக்கூட்டல்கள் வழக்கில் உள்ளன. அவற்றை அப்படியே ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் அழுத்தினால் விதிவழி பிறப்பனவும் குட்டலம், குதலம் என்பனவே. சொற்பட்டியலின் துணையோடு பரிந்துரைக்கும் விசைப்பலகைகள் மிகுதியாக வழங்கும் சொல்லை முன்னிறுத்தும் இயல்புடையவை. ஆதலின் அருவியால் புகழ்பெற்ற குற்றாலம் முன்னே வரும் வாய்ப்பும் உண்டு. 2017இல் கூகுளின் குரல்வழி உள்ளீடு தமிழுக்கும் வந்தது. அங்கே விசையழுத்தமே இல்லை. பேச்சில் மயங்கிய இரு பெயர்களுள் எது என்பதைப் பொறியே தீர்மானிக்கிறது. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற 2020இல் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்களுக்கு ஆணை வெளியிட்டுச் சில நாள்களில் திரும்பப் பெற்றமை, இலத்தீன் எழுத்தில் தமிழ்ப்பெயரை நிலைநிறுத்துவதன் அருமையைக் காட்டுகிறது.

இச்சிக்கலைத் தவிர்க்க அரசுச் செயலிகள் மேற்கொள்ளும் வழி, எழுதவிடாமல் தெரிவுசெய்ய விடுவதாகும். 2018இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியிலும், பட்டா, சிட்டா விவரங்களை வழங்கும் மின்சேவைகளிலும் இடப்பெயர் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யப்படுகிறது. மாவட்டம், வட்டம், ஊர் எனப் படிப்படியாகத் தெரிவுசெய்யும்போது குத்தாலம் குற்றாலமாவதில்லை. நடைமுறையில் இது பயனுள்ள வழியே. எனினும் பட்டியலில் இடம்பெறாத வயற்பெயரையோ, வாய்க்காற் பெயரையோ, முறையீட்டின் விவரத்தையோ பயனர் எழுதியே ஆகவேண்டும். பட்டியல் முடியும் இடத்தில் விசையழுத்தம் மீண்டும் தொடங்குகிறது.

சட்டவழித் தீர்வும் அரைகுறையாகவே உள்ளது. 2016இல் வெளிவந்த ஐஎஸ் 16333 (பகுதி 3) என்னும் இந்தியத் தரம், கைப்பேசிகளில் இந்திய அலுவல் மொழிகள் அனைத்திலும் செய்தியைப் படிக்கும் வசதியை வலியுறுத்தியது. உள்ளீட்டுக்கோ ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழி என்பதே வரையறை. படிக்கும் உரிமை எல்லா மொழிகளுக்கும் கிடைத்தது. எழுதும் உரிமை உற்பத்தியாளரின் தெரிவுக்கு விடப்பட்டது. படித்தலும் எழுதலும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை.

முடிவுரை

விசையழுத்தத்தைக் கையாளுதல் என்பது நிரலாக்கத்தின் சிறுபகுதியாகக் கருதப்படினும், தமிழைப் பொறுத்தவரை அஃது எழுத்திலக்கணத்தோடு நேரடித் தொடர்புடையது. நகரா விசை முதல் உருவாகும் உரை வரையிலான வரலாற்றில் ஓர் ஒழுங்கு புலனாகிறது. தனியழுத்தம் எழுத்தாகாது, அது காத்திருக்கும், அடுத்ததோடு சேரும், முந்தியதைத் திருத்தும். இவ்வியல்பைப் பொறி ஏற்ற இடங்களில் தமிழ் எளிதாயிற்று. மறுத்த இடங்களில் பயனர் இலத்தீனுக்குச் சென்றார்.

இதிலிருந்து பெறப்படும் முடிபுகள் மூன்று. செயலிகள் விசையை நோக்காது, உறுதிசெய்யப்பட்ட உரையை நோக்க வேண்டும். அழித்தல், எண்ணுதல், எல்லையிடல் ஆகியவை குறியெண்ணை விடுத்துப் பயனர் உணரும் எழுத்தை அலகாகக் கொள்ள வேண்டும். சேமிப்பதற்கும் தேடுவதற்கும் முன் உரை ஒருமைப்படுத்தப்பட வேண்டும். இவை மூன்றும் இன்றைய கருவிகளிலேயே இயலக்கூடியவை.

குத்தாலம் என்னும் ஐந்தெழுத்துப் பெயர் ஒரு செயலியில் சிதையாது எழுதப்பட்டு, சிதையாது தேடப்பட்டு, ஓரழுத்தத்தில் ஓரெழுத்தாக அழிக்கப்படுமாயின், அச்செயலி தமிழை அறிந்தது எனலாம். ஊர்ப்பெயர்களையும் வயற்பெயர்களையும் சான்றுச் சொற்களாகக் கொண்டு தமிழ்ச் செயலிகளை ஆய்வது தமிழியலும் கணினியியலும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். தேரழுந்தூர், திருவாவடுதுறை எனப் படுகையின் ஒவ்வோர் ஊர்ப்பெயரும் அவ்வாய்வுக்கு ஒரு தேர்வுத்தாளாக அமையும்.